ஒரு கை பின்னால்

1975-இல் மன்னார்குடியில் ஒரு ரேடியோ கடையில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். அப்போது எனக்கு 17 வயது. வாத்தியார் முதல் மூன்று மாதம் பெட்டியைத் தொடவே விடவில்லை. கடையைப் பெருக்க வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்க்கும்போதும் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார். அந்தக் காலத்து வால்வு ரேடியோவுக்குள் 200, 300 வோல்ட் ஓடும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டன்ஸருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். இரண்டு கையையும் உள்ளே விட்டால் ஒரு கையில் ஏறுவது நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். ஒரு கை பின்னால் இருந்தால் நெஞ்சு வழியே அந்தப் பாதை கிடையாது. உயிர் தப்ப அவர் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது.

லேப்டாப் சார்ஜர் தருவது பெரும்பாலும் 19 வோல்ட்தான். அது ஆளைக் கொல்லாது. ஆனாலும் ஐம்பது வருஷம் கழித்து இன்றைக்கும் ஒரு மிஷினை என் முன்னால் வைத்தால் இடது கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. கை சும்மா இருக்கும்போது கண்ணும் காதும் வேலை செய்யும் என்பதை மெல்ல மெல்லப் புரிந்துகொண்டேன். ரேடியோ போய் டிவி வந்தது, டிவி போய்க் கம்ப்யூட்டர் வந்தது, பிறகு லேப்டாப். 2011-இல் அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த பிறகு, அதுவரை கம்ப்யூட்டரையே பார்த்திராத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். இப்போது கடையை என்னிடம் வேலை கற்ற தம்பி நடத்துகிறார். நான் சாயங்காலம் போய் உட்கார்ந்திருப்பேன்.

கடையில் ஒரு நோட்டு உண்டு. மிஷின் கொண்டு வருகிறவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுத வேண்டும். "படுத்துருச்சு." "இழுத்துக்கிட்டே கெடக்கு." "தொட்டா கொதிக்குது." "உசுரே இல்ல." இதை 'பவர் பிரச்சினை' என்று நம் பாஷைக்கு மாற்றி எழுதக் கூடாது. மாற்றும்போதே பாதித் தகவல் போய்விடும்.

"ஆன் ஆகல" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் அதில் நான்கு வெவ்வேறு பழுதாவது இருக்கும். பட்டனை அமுக்கினால் ஒரு விளக்குக்கூட எரியாதது ஒன்று. அதற்குச் சார்ஜரை மீட்டரில் வைத்து, அதன் முதுகில் அச்சிட்டிருக்கிற வோல்ட் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். (புது டைப்-சி சார்ஜரை இப்படிச் சோதிக்க முடியாது. லேப்டாப்போடு பேசி முடித்த பிறகுதான் அது முழு வோல்ட்டைத் தரும்.) சார்ஜர் நன்றாக இருந்தால், சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் கழற்றி, பட்டனை முப்பது விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். போர்டில் தங்கிய மிச்ச மின்சாரம் வடியும். பிறகு சார்ஜரை மட்டும் போட்டுப் பார்த்தால், செத்தது என்று நினைத்த மிஷின் எழுந்து நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதற்கு ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம், யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம்.

விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்பது இரண்டாவது. அறையை இருட்டாக்கி, திரை மேல் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். எழுத்து நிழல் மாதிரி தெரிந்தால் மிஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, திரைக்குப் பின்னாலிருக்கிற வெளிச்சம் மட்டும் போயிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் டிவியில் சொருகிப் பார்க்கலாம். அதிலும் வராவிட்டால் ராம் பலகையைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பச் சொருகினால் பல நேரம் சரியாகும். கம்பெனி லோகோ வந்து அதோடு நின்றுவிடுவது மூன்றாவது. விண்டோஸ் வரை வந்து உறைந்து போவது நான்காவது. நான்குக்கும் வைத்தியம் வேறு. "ஆன் ஆகலையா? போர்டு போச்சு" என்று முதல் வார்த்தையிலேயே தீர்ப்பு எழுதுகிறவரிடம் மிஷினைக் கொடுக்காதீர்கள்.

நோட்டில் அதிகம் எழுதியிருக்கிற வாக்கியம் இன்னொன்று: "நான் ஒண்ணும் பண்ணலண்ணே." நான் இளவயதில் இதை நம்பியதே கிடையாது. ஏதோ செய்துவிட்டு மறைக்கிறான் என்றே எடுத்துக்கொள்வேன். அந்த எண்ணத்தோடு கேட்கிற கேள்வி விசாரணை மாதிரி இருக்கும். ஆள் பயந்து, உண்மையாக நடந்ததையும் சொல்லாமல் விட்டுவிடுவான். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஒரு பையன் கம்பெனி லேப்டாப்போடு ஓடி வந்தான். நீலத் திரை, மறுபடி ஆன் ஆவது, மறுபடி நீலத் திரை. "நான் ஒண்ணும் பண்ணல சார், வேலை போயிடும்" என்றான். முகம் வெளுத்திருந்தது. அவன் சொன்னது அத்தனையும் சத்தியம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட் அன்றைக்கு உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின்களைப் படுக்க வைத்தது. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழித்தால் சரியாகிவிடும். ஆனால் அவனுடையது பூட்டுப் போட்ட கம்பெனி டிஸ்க், சாவி எண் ஆபீஸில்தான் இருக்கும். நான் தொடவில்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, ஆபீஸுக்குப் போன் போடச் சொன்னேன். அன்றைக்கு நான் வேறு எதுவும் செய்யவில்லை.

இந்தப் பக்குவம் இலவசமாக வந்ததில்லை.

2008-இல் ஒரு அம்மா லேப்டாப் கொண்டு வந்தார்கள். பென் டிரைவ் வழியாக வந்த வைரஸ், ஃபோல்டரைத் தொட்டால் ஃபோல்டர் திறக்காது, எல்லாம் இழுவை. கடையில் கூட்டம். அவர்களிடம் வாங்கி வைத்தது வேலைப் பையன். "அப்பா படம் இருக்கு தம்பி, பாத்துக்கங்க" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டி டிரைவில் இருந்ததை எல்லாம் அப்படியே விட்டு, சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து எக்ஸ்பி புதிதாகப் போட்டேன். அன்றைக்கு எல்லோரும் செய்கிற முறைதான். ஆனால் பழகாதவர்கள் படத்தை டி டிரைவில் வைக்க மாட்டார்கள். கண்ணுக்கு எதிரே இருக்கிற டெஸ்க்டாப்பில்தான் வைப்பார்கள். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர்.

அவர்களுடைய அப்பா அதற்கு முந்தின மாதம் தவறியிருந்தார்.

அந்தக் காலத்து ஹார்டு டிஸ்கை ஃபார்மட் செய்தால் உடனே எல்லாம் அழிந்துவிடாது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரிதான் அது, பக்கங்கள் உள்ளேயே இருக்கும். ஆனால் அதன் மேல் நான் விண்டோஸையும் ஏற்றியிருந்தேன். பழைய பக்கங்களின் மேல் புது எழுத்து விழுந்துவிட்டது. இரண்டு ராத்திரி மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். கொஞ்சம் படங்கள் வந்தன, பல பாதியில் நின்றன. ஒரு படத்தில் பெரியவரின் முகமும் தோளும் தெளிவாக இருந்தன, நெஞ்சுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள்தான் அவர் மடியில் பிறந்து பத்து நாளான பேத்தி இருந்தாள் என்று அந்த அம்மா சொன்னார்கள். என்னைத் திட்டவில்லை. சர்வீஸ் காசை மேஜை மேல் வைத்தார்கள். நான் வாங்கவில்லை. வாங்காததால் எனக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

மறுநாள்தான் அந்த நோட்டை ஆரம்பித்தேன். முதல் பத்தியின் கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது, எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதற்குப் பதில் எழுதாமல் கடையில் யாரும் மிஷினைத் தொடக் கூடாது.

ஹார்டு டிஸ்க் 'டிக், டிக்' என்று அடித்தால், ஃபைல் திறக்க நிமிஷக்கணக்கில் யோசித்தால், ரிப்பேர் செய்யாதீர்கள். விண்டோஸே "டிஸ்கைச் சரி பார்க்கட்டுமா" என்று கேட்டாலும் வேண்டாம். சாகக் கிடக்கிற டிஸ்கை அந்தச் சோதனையே கடைசியாக உலுக்கிவிடும். வேண்டியதை முதலில் வெளியே எடுத்து வையுங்கள், பிறகு மிஷினைப் பார்க்கலாம். இப்போது வருகிற எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டு இல்லை, வேகம் அதிகம். பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதைப் போட்டால் புது மிஷின் மாதிரி ஆகிவிடும். நானே பலருக்கு அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அது சத்தம் போட்டு எச்சரிக்காது. ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் இருக்காது. ஆகவே கல்யாணப் படமோ, பட்டா நகலோ, பிள்ளையின் புராஜெக்டோ, இரண்டு இடத்தில் இருந்தால்தான் அது இருக்கிறது என்று கணக்கு.

வாத்தியார் சொல்லிக்கொடுத்த இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது. ஒரு கல்லூரி மாணவன் வந்தான். டச் பேடில் விரல் வைத்தால் அம்பு கண்டபடி துள்ளுகிறது. வேறு இடத்தில் இரண்டு தடவை ஃபார்மட் செய்து, டச் பேடும் புதிதாக மாற்றி, நான்காயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தான். இன்னும் துள்ளுகிறது. நான் திறக்கவில்லை. "எங்கே துள்ளுது?" என்று கேட்டேன். யோசித்தான். "ஹாஸ்டல்ல சரியா இருக்கு, வீட்லதான்." "சார்ஜர் போட்டிருக்கும்போதா, போடாதபோதா?" "போட்டிருக்கும்போதுதான்." "மேல் மூடியில கை வச்சா சுருக்குனு இருக்குமா?" நிமிர்ந்து பார்த்தான். அவன் வீட்டு பிளக்கில் எர்த் கம்பி கொடுக்கவே இல்லை. சார்ஜரிலிருந்து கசிகிற துளி மின்சாரம் போக வழியில்லாமல் மிஷின் உடம்பில் நிற்கிறது, விரலின் மின்சாரத்தை உணர்ந்து வேலை செய்கிற டச் பேடு குழம்பிப் போகிறது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் போட்டார், துள்ளல் நின்றது. மூன்று வேலையை ஒரே நாளில் செய்த கடைக்காரருக்கு எதனால் சரியாகவில்லை என்பதுகூடத் தெரிந்திருக்காது.

இதைக் கடையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நான் வீட்டில் செய்யத் தவறினேன். என் மகனுக்கு ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று மார்க் குறைந்தது. நான் ஒரே வாரத்தில் டியூஷன் சேர்த்தேன், கிரிக்கெட் மட்டையைப் பரண் மேல் போட்டேன், ராத்திரி டிவியை நிறுத்தினேன், இரண்டு தடவை கையும் ஓங்கினேன். எப்போதிலிருந்து இப்படி, அதற்கு முன்னால் என்ன மாறியது என்று கடைக்கு வருகிற யாரிடமும் கேட்கிற கேள்வியை அவனிடம் கேட்கவில்லை. அந்த வருஷ ஜூன் மாதம் அவன் கிடுகிடுவென்று வளர்ந்திருந்தான். உயரமான பையன் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை. ஊரில் நடந்த கண் சிகிச்சை முகாமில்தான் அது தெரிய வந்தது. அதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது. கண்ணாடி போட்ட அன்று, வாசலில் நின்று எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்த்து, "அப்பா, இலை தனித்தனியா தெரியுது" என்றான். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

பெரும்பாலான பழுது சின்ன இடத்திலிருந்துதான் வருகிறது. ஓய்வு பெற்ற ஒருவர், எந்த பேங்க் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வருகிறது, தன் பணத்தை யாரோ எடுக்கப் பார்க்கிறார்கள் என்று தூங்காமல் வந்தார். திரையின் மூலையில் தேதி 2012 என்று இருந்தது. பழைய லேப்டாப் போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு, மிஷின் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருப்பதால், தப்பான தேதியில் நிற்கிற மிஷின் எந்தத் தளத்தையும் நம்பாது. சில பத்து ரூபாய் பேட்டரி. மாற்றிய பிறகு அவர் தன் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். இன்னொருவருக்குக் 'கே' அடித்தால் 2 விழுகிறது, 'எல்' அடித்தால் 3. 'நம் லாக்' (Num Lock) ஆன் ஆகியிருந்தது, ஒரு பட்டன், முடிந்தது.

ஆனால் சின்னதாகத் தெரிந்து பெரிதாக இருப்பதும் உண்டு. டச் பேடு அமுங்கவில்லை, அல்லது கீழ் மூடி ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது, மேஜையில் வைத்தால் ஆடுகிறது என்றால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அமுக்கி மூடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். அணைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். கழற்றியதைக் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. வெப்பமும் அப்படித்தான். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டினால் கீழே காற்று இழுக்கிற வழி அடைபடும், ஃபேன் அலறும். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து துடைத்து, வெப்பம் கடத்தும் பசையைப் புதிதாக வைத்தால் போதும், அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கஜா புயலைச் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிக் கரையைக் கடந்து, எங்கள் பகுதியில் தென்னையையும் கூரை ஓடுகளையும் வாரிக்கொண்டு போனது. நனைந்த லேப்டாப்புகள் பிறகு வரிசையாக வந்தன. அவற்றில் நிறைய பிழைத்தன. எனக்கே முதலில் ஆச்சரியம். பிறகு புரிந்தது: பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி வடிந்து போன மிஷினை நினைத்தாலும் யாராலும் ஆன் செய்ய முடியவில்லை, அதற்குள் அது உலர்ந்துவிட்டது. சாதாரண நாளில் டீ கொட்டினால் என்ன செய்கிறோம்? துடைத்துவிட்டு, "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று பட்டனை அமுக்குகிறோம். மிஷினை முடிப்பது அந்த அமுக்கல்தான். ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்த இடத்தில் செம்பு அரித்துப் போகும். கொட்டினால் உடனே அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பலன் இல்லை, தூசிதான் உள்ளே போகும். கொட்டியது சர்க்கரை போட்ட டீ என்றால் காய்ந்த பிறகும் பிசுக்கு இருக்கும், திறந்து கழுவக் கொடுங்கள். அதுவரை ஆன் செய்து பார்க்கிற ஆசையை அடக்குவதுதான் கஷ்டம். எனக்கும் கஷ்டம்தான்.

என் வயதுக்காரர்கள் பலர் படிப்பீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடித்து, "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்" என்று வந்தால், அது பழுது இல்லை, திருட்டு. எந்தக் கம்பெனியும் அப்படி எண் கொடுத்து அழைக்கச் சொல்லாது. அழைத்தால் மரியாதையாகப் பேசி, ஒரு செயலியை ஏற்றச் சொல்லி, உங்கள் திரையையே பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டுங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கி அணைத்தால் போய்விடும். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு. மகனிடம் சொல்லப் பயந்து இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து அழுத ஒருவரைப் பார்த்தவன் நான்.

போன மாதம் ஒரு சாயங்காலம் கடை வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. அந்த அம்மாதான். தலை நரைத்திருந்தார்கள். பின்னால் கல்லூரிப் பையோடு ஒரு பெண் இறங்கினாள். "இவதான் அந்தப் படத்துல இருந்தவ" என்றார்கள். அந்தப் பாதிப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பெண் லேப்டாப்பை மேஜை மேல் வைத்தாள். "டிஸ்ப்ளே வரல தாத்தா. நான் ஒண்ணும் பண்ணல."

"சரிம்மா" என்றேன். தம்பி நோட்டை என் பக்கம் நகர்த்தினார். இடது கை பின்னால் போயிருந்தது. வலது கையில் பேனாவை எடுத்துக்கொண்டு, "உள்ளே என்ன வச்சிருக்க?" என்று கேட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.